சின்னச் சுளுக்கு

உள்ளே என் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே, நடைபாதை வாங்கில் உட்கார்ந்து, நான் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தேன்.

அது மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் வைத்தியசாலை. எலும்பு டொக்டரைச் சனல் பண்ணி (காசு கட்டி முன்பதிவு செய்து), எம்.ஆர்.ஐ. ஸ்கேன் (காந்தத்தின் உதவியால் உடம்பின் உட்பகுதியைப் படமெடுக்கும் முறை) படங்களோடு வந்திருந்தோம். பெயர் கூப்பிட்டதும் நானும் யோகன் மாமாவும் உள்ளே போனோம். டொக்டர் காலை மடக்கினார், நீட்டினார், முன்னுக்கு இழுத்துப் பார்த்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்து, "தங்கச்சி கொஞ்சம் வெளியில இருக்கட்டும்" என்றார்.

நான் எழும்பி, நொண்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இருபது பிள்ளைகளை அதட்டி மேய்க்கத் தெரிந்த எனக்கு, என் காலைப் பற்றி என்னிடம் சொல்லுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் வழக்கம் அதுதான். நோய் ஒருவருக்கு, செய்தி கூட வந்தவருக்கு. கலியாணமாகாத பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பிள்ளை பயந்துவிடும் என்பார்கள்.

மாமா வெளியே வரும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தார். "ஒண்டுமில்ல மனே. சின்னச் சுளுக்குத்தானாம்" என்றார். பெண்பிள்ளை என்றாலும் எங்கள் பக்கத்தில் செல்லத்துக்கு 'மனே'தான். சந்தோசத்தில் மீதிக் கச்சானை அவரிடம் நீட்டினேன். வாங்கித் தின்றார். இன்றைக்கும் எனக்கு ஆறாமல் இருப்பது அந்தக் கச்சான்தான்.

யோகன் மாமா அம்மாவின் தம்பி. ஆரையம்பதியில் மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் கொடுப்பவர். பின்னேரங்களில் எங்கள் பெண்கள் கபடி அணியின் பயிற்சியாளர். அப்பா கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் என்ன முடிவென்றாலும் மாமாவைக் கேட்டுத்தான். தாய்மாமன் ஒரு சொல் சொன்னால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. என்னை எட்டு வயதில் மணலில் இறக்கி விளையாடப் பழக்கியவரும் அவர்தான். அப்பாவைவிட அவரோடுதான் நான் கூடக் கதைத்திருப்பேன்.

கபடியில் நான் பாடிப் போகிறவள். எதிரணியின் பக்கம் ஒரே மூச்சில் "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு போய், ஆளைத் தொட்டு, மூச்சு முடியுமுன் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்புவதைத்தான் நாங்கள் கிறுகுவது என்போம். வலது காலை ஊன்றி நான் கிறுகுகிற வேகத்துக்கு மாவட்டத்தில் வேறு ஆளில்லை என்று மாமா சொல்லுவார். அதை நானும் நம்பினேன். அதில் பொய்யும் இல்லை.

கடற்கரைப் பயிற்சியில் ஒருநாள் அப்படிக் கிறுகும்போதுதான் முழங்காலுக்குள் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்றவளுக்கும் அது கேட்டது. பொழுதுபடுவதற்குள் கால் பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது. அதற்காகத்தான் அந்த ஸ்கேனும், அந்த நடைபாதையும்.

சுளுக்கு என்று சொன்ன பிறகு மருத்துவமும் சுளுக்குக்கானதாகத்தான் இருந்தது. மாமா ஐஸ் கொண்டுவந்து வைத்தார். இழுபடும் துணிப்பட்டியால் சுற்றினார். ஓட வேண்டாம், இருந்தபடி பயிற்சி செய் என்றார். சில வாரங்களில் வீக்கம் வற்றிவிட்டது. நடந்தேன், பிறகு மெல்ல ஓடினேன். நேராக ஓடினால் நோவே இல்லை. பக்கவாட்டில் திரும்பினால் மட்டும் முழங்கால் ஒருகணம் என்னுடையதில்லாத மாதிரி நழுவும். சொன்னபோது, பயத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார் மாமா.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது இப்படி நழுவினால், தயவு செய்து அதைப் பயம் என்று நினைக்காதீர்கள். வீக்கம் வற்றுவதைக் குணம் என்றும் நினைக்காதீர்கள். அறுந்த நாரும் சில வாரத்தில் நோகாமல் விட்டுவிடும். அறுந்தது அறுந்தபடிதான் இருக்கும்.

எனக்குச் சந்தேகம் வர ஓர் இடம் இருந்தது. நான் அணிக்குத் திரும்பி ஆடவிருந்த மாவட்ட இறுதிப் போட்டிக்கு முந்திய வெள்ளிக்கிழமை அம்மா மடிப்பிச்சை எடுத்தார். சேலைத் தலைப்பை ஏந்தி, வீடு வீடாக அரிசி வாங்கி, அம்மனுக்குக் கொடுக்கிற நேர்த்தி அது. பெரிய வருத்தம், பெரிய ஆபத்து என்றால்தான் அந்த நேர்த்தி வைப்பார்கள். எதற்கு என்று கேட்டேன். உன்ட காலுக்குத்தான் என்றார். ஒரு சுளுக்குக்கு மடிப்பிச்சை எடுத்த முதல் ஆள் நீங்களாத்தான் இருப்பீங்க என்று பகிடி பண்ணினேன். அம்மா சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் விட்டுவிட்டேன்.

இறுதிப் போட்டியைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. கடைசி நிமிடத்தில் இரண்டு அணிக்கும் புள்ளி சமம். மாமா என்னை அனுப்பினார். ஒருத்தியைத் தொட்டுவிட்டு வலது காலில் கிறுகினேன். முழங்கால் கிறுகவில்லை. தொடை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் போனது. விழும்போது என் கை நடுக்கோட்டைத் தாண்டியிருந்ததால் புள்ளி எங்களுக்கு. நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை, எல்லாரும் கத்தினார்கள். மாமாவைத் தோளில் தூக்கினார்கள். இருபது வருசப் பயிற்சியில் அவர் தொட்ட முதல் கிண்ணம் அது. மண்ணில் கிடந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோசப்பட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுபடி அதே டொக்டர், அதே அறை. இந்த முறை நான் சில்லு (சக்கர) நாற்காலியில் இருந்தேன். டொக்டர் பழைய வழக்கப்படி கதவைப் பார்த்தார். ஆனால் நாற்காலி மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவில் இறுகி நின்றது. வெளியே எடுப்பதென்றால் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். அதனால் நான் உள்ளேயே இருந்தேன். அந்த இடநெருக்கடி மட்டும் இல்லாவிட்டால் எனக்கு இன்றுவரை உண்மை தெரிந்திருக்காது.

டொக்டர் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டார். "நான் அண்டைக்கே சொன்னனான்தானே, நார் அறுந்து போச்சு, இந்தப் புள்ளய இனி இறக்க வேணாம் எண்டு. மறுகா ஏன் விளையாட விட்டீங்க?"

மாமா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாமாவைப் பார்த்தேன். டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்று விளங்கியிருக்க வேண்டும். பிறகுதான் முதன்முறையாகத் தன் நாற்காலியை என் பக்கம் திருப்பி என்னிடம் பேசினார்.

முதல் முறை அறுந்தது முன் குறுக்குத் தசைநார் (தொடையெலும்பும் கால் எலும்பும் விலகாமல் முழங்காலுக்குள் குறுக்கே கட்டியிருக்கும் நார்). அதை வேறோர் இடத்து நாரை எடுத்து வைத்துச் சரிசெய்யலாம். இரண்டாம் முறை கிழிந்தது மெனிஸ்கஸ் (இரண்டு எலும்புக்கும் இடையில் மெத்தையாக இருக்கும் குருத்தெலும்பு). அது தைக்க முடியாதபடி நைந்துபோயிருந்தது. வெட்டியெடுத்த பகுதி திரும்ப வளராது. நார் அறுந்த காலோடு விளையாடினால் அடுத்ததாகப் போவது அதுதான் என்று மாமாவுக்கும் சொல்லியிருந்தாராம்.

ஆக, முதல் காயம் விபத்து. இரண்டாவதை என் மாமா தெரிந்துகொண்டே எனக்குக் கொடுத்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஊரில் சாதாரணமாகச் சொல்லுவார்கள். பயிருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

சத்திர சிகிச்சை முடிந்து வார்ட்டில் கிடந்தபோது மாமா வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "சொன்னா நீ இறங்கியிருக்க மாட்டாய் மனே" என்றார். தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இறுதிப் போட்டியன்று வந்திருந்தார்களாம். உன்ட நன்மைக்கும் சேர்த்துத்தான் செய்தேன் என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அன்றிலிருந்து அவரோடு நான் பேசவில்லை.

பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். தெரிந்திருந்தாலும் நீ விளையாடித்தான் இருப்பாய், உன்ட துணிவு எங்களுக்குத் தெரியாதா என்று. இல்லை. நான் விளையாடியிருக்க மாட்டேன். எனக்கு அவ்வளவு துணிவு கிடையாது. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, அணி தோற்றதைக் கேட்டு இரண்டு நாள் அழுதிருப்பேன். பிறகு சிகிச்சை செய்து திரும்பி வந்திருப்பேன். மாமா கணித்தது சரிதான். என்னை அவ்வளவு சரியாக அறிந்தவர் என்பதால்தான் அவரால் ஏமாற்ற முடிந்தது.

இயன்மருத்துவப் பிரிவில் (பயிற்சிகளால் உடலியக்கத்தை மீட்கும் சிகிச்சை) எனக்குக் கிடைத்தவர் றிஸ்வானா மிஸ். காத்தான்குடிக்காரர், குரல் கொஞ்சம் பெரிது. முதல் நாள் என் முழங்காலுக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, அதை அமத்து என்றார். அவ்வளவுதான் பயிற்சி. நான் அமத்தினேன். தொடை அசையவில்லை. எட்டு வயதிலிருந்து நான் வளர்த்த தொடைத்தசை, வாடகைக்கு இருந்த யாரோ விட்டுப்போன சாமான் மாதிரி அப்படியே கிடந்தது. அழுதேன்.

"அழுதுட்டு அமத்துங்க" என்றார் மிஸ். "ஒங்கட கால் பொய் சொல்லாது புள்ள. ஏலுமெண்டா ஏலும். ஏலாதெண்டா ஏலாது. அத மட்டும் கேளுங்க."

அந்தக் காலத்தில் பொய் சொல்லாத ஒன்று என்னோடு இருக்கிறது என்று கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அதிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. என் காலும் என்னை ஏமாற்றியதுதானே. அறுந்துகிடந்துகொண்டு நோகாமல் இருந்தது யாருடைய குற்றம்? ஆள்களைக் கோபித்துக்கொண்டால் பேசாமல் இருக்கலாம். காலைக் கோபித்துக்கொண்டு எங்கே போவது?

மிஸ்தான் படியேறப் பழக்கினார். "ஏறக்குள்ள நல்ல கால் முன்னுக்கு, இறங்கக்குள்ள நோக்கால் முன்னுக்கு." நோக்கால் என்றால் நோகிற கால். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கைத்தடியோடு நிற்கிற யாருக்கும் இதைவிடப் பயனுள்ள பாடம் இல்லை. வீட்டில் பாரத்துக்குக் காலுறைக்குள் கடல்மணல் நிரப்பிக் கணுக்காலில் கட்டினேன். தலையணை மேல் ஒற்றைக்காலில் நின்று பல்துலக்கினேன். எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு அந்தக் காட்சி நல்ல பொழுதுபோக்கு.

ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஐஸ் வைக்க வேண்டும். ஐஸுக்கு எங்கே போவது? ஊரில் ஐஸ் என்றால் மாமாதான். விடிய ஐஸ் லொறியில் போகும்போது வாசற்படலையடியில் ஐஸ் போட்ட ஒரு ரெஜிபோம் (தெர்மகோல்) பெட்டியை வைத்துவிட்டுப் போவார். ஒருநாளும் தவறியதில்லை. அம்மா எடுத்துவந்து தருவார், நான் வாங்கிக் காலில் வைத்துக்கொள்வேன். மீன்வாடைக்கு ஒரு பூனை காலடியிலேயே கிடக்கும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் கால் வீங்குகிறதே. காலை உடைத்தவரின் ஐஸில்தான் என் கால் ஆறியது. அதையும் நான் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

காயம் நன்றாக மூடிய பிறகு, தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார் மிஸ். தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், மூட்டுக்கு வேலை குறையும். எங்கள் கடலில் அலை அடித்துத் தள்ளிவிடும், வாவியில் சேறு. பாசிக்குடாக் கடலில் வெகுதூரத்துக்கு இடுப்பளவுதான் ஆழம், அடியில் மணல். அம்மாவும் நானும் பஸ் ஏறிப் போனோம். வெள்ளைக்காரர்கள் மிதந்துகொண்டிருக்க, அம்மா சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கரை சின்னதாகத் தெரிகிற இடம்வரை நடந்திருப்போம். அங்கே வைத்துத்தான் சொன்னார்.

"எனக்கும் தெரியும் புள்ள. தம்பி வந்து சொன்னவன். உன்னட்டச் சொல்ல வேணாம், பயந்திருவாய் எண்டான்."

எனக்கு மடிப்பிச்சை விளங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எங்கள் வீட்டில் மறைத்ததோடு நில்லாமல் அந்தச் சோற்றையும் எனக்கே குழைத்துத் தந்திருக்கிறார்கள். ஊரெல்லாம் போய் எனக்காக அரிசி கேட்ட வாயால், என்னிடம் ஒரு சொல் சொல்ல முடியவில்லை.

கையை உதறிவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது. உதறினால் விழுந்துவிடுவேன். அதனால் அம்மாவின் கையைப் பிடித்தபடியே, அம்மாவோடு பேசாமல், அவ்வளவு தூரமும் திரும்பி நடந்தேன். கரைக்கு வரும்போது அம்மா அழுதிருந்தார். நான் அழவில்லை. எனக்கு யாரும் இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. அம்மாவைப் பிறகு மன்னித்துவிட்டேன். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றில், எவ்வளவு நாள்தான் பேசாமல் இருப்பது? மாமாவுக்கு அந்த நெருக்கடி இல்லை. அவருக்கு வேறு வீடு.

ஏறக்குறைய ஒரு வருசம் கழித்துக் கடைசிப் பரிசோதனை வந்தது. மறுபடி விளையாடலாமா இல்லையா என்று சொல்லுகிற நாள். மாமாவை வரச் சொல்லுங்கள் என்று அம்மாவிடம் நானே சொன்னேன். இருவரும் சமாதானமாகப் போகிறோம் என்று அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான் நினைத்தது வேறு. பல மாதமாக நான் இதை யோசித்து வைத்திருந்தேன்.

மாமா கழுவி மடித்து வைத்த சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மெலிந்திருந்தார். அதே நடைபாதை, அதே வாங்கு. பெயர் கூப்பிட்டதும் வழக்கம்போல அவர்தான் முதலில் எழும்பினார். கதவுவரை வந்தார்.

"மாமா," என்றேன். அந்த வருசத்தில் நான் அவரோடு பேசிய முதல் சொல். "நீங்க வெளியில இருங்க."

கையைக் கதவிலிருந்து எடுத்துக்கொண்டார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

டொக்டர் ஒற்றைக்காலில் துள்ளச் சொல்லி, இரண்டு காலின் தூரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வைத்த நார் நன்றாகப் பிடித்துவிட்டது. ஓடலாம், பயிற்சி செய்யலாம், பிள்ளைகளோடு துள்ளலாம். கபடியும் விளையாடலாம். ஆனால் மெத்தை போன மூட்டு, கிறுகக் கிறுக எலும்போடு எலும்பு உரசும். நாற்பது வயதுக்குள் மூட்டு மாற்ற வேண்டி வரலாம், வராமலும் போகலாம். "முடிவு உங்கட," என்றார். அந்த அறையில் என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்வதற்கு எனக்கு ஒரு முழங்கால் செலவானது.

நான் விளையாடப் போவதில்லை. அதை அந்த நாற்காலியில் இருந்தபடியே தீர்மானித்துவிட்டேன். உங்களுக்குச் சொல்லிவிட்டேன். உங்கள் காலுக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம். ஆனால் சொல்லும்போது நீங்கள் உள்ளே இருங்கள். எழும்பிப் போகாதீர்கள். யார் சொன்னாலும் போகாதீர்கள்.

வெளியே வந்தேன். மாமா நின்றுகொண்டிருந்தார். வாங்கில் உட்கார்ந்தேயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"என்ன மனே சொன்னவர்? விளையாடலாமாமா?"

"ஒண்டுமில்ல மாமா," என்றேன். "சின்னச் சுளுக்குத்தானாம்."

அவருக்கு விளங்கியது. முகம் கறுத்தது. ஒரு வருசமாகக் காத்திருந்த காட்சி அது. பார்த்தேன். நான் எதிர்பார்த்த அளவுக்கு இனிக்கவில்லை, கசக்கவுமில்லை. திரும்பிப் படிப்பக்கம் நடந்தேன்.

கபடியில் நேரம் என்றால் எனக்கு ஒரு மூச்சு. மூச்சு முடிந்தால் நேரமும் முடிந்தது. பதினான்கு வருசம் அப்படித்தான் என் உடம்புக்குள் இருந்தேன், எப்போதும் திரும்பிவிடுகிற அவசரத்தில். இப்போது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் நேரம் இருக்கிறது. காலைத் தூக்கி, கேட்டு, பிறகு வைக்கிறேன். அவ்வளவு நேரமும் என்னுடையது.

துள்ளிய களைப்பில் முழங்கால் கொஞ்சம் நொந்தது. மாமா எனக்கு முன்னால் ஒரு படி இறங்கி, திரும்பி நின்று, கையை நீட்டினார். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முதலில் நோக்கால், பிறகு நல்ல கால். ஒவ்வொரு படியிலும் அவர் நின்று நின்று திரும்பிப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை.